குருவம்மாளின் பக்கம் சாய்ந்த நாற்றுகள்

சூரியன் எங்கள் ஊருக்கு வராமல் போன நாற்பத்தொரு நாளில் என்ன நடந்தது என்று மேல்வரையில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் எல்லோரும் குருவம்மாளின் இடுப்பில்தான் தொடங்குவார்கள், அதனால் நானும் அங்கேயே தொடங்குகிறேன்.

மேல்வரை கொடைக்கானலுக்கும் மேலே, இதற்கு மேல் போக வழியில்லை என்று பேருந்து திரும்பிவிடும் ஊர். அறுபத்து நாலு வீடு, ஒரு டீக்கடை, ஒரு பள்ளிக்கூடம், மீதியெல்லாம் சரிவில் வெட்டிய தோட்டம். குடமிளகாயும் தக்காளியும் போட்டுப் பிழைக்கிறோம். மார்கழிக் குளிரிலேயே விதை போட்டு நாற்றாக்கி வைத்துக்கொண்டால்தான் பனி விட்டதும் மாசியில் நட முடியும், மாசியில் நட்டால்தான் வருஷம் ஓடும். ஆனால் அந்தக் குளிரில் விதை தானாகக் கண் திறக்காது. அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. விதையை ஊற வைத்து, வெளுத்துப் போன பழைய வேட்டித் துணியில் சின்ன முடிச்சாகக் கட்டி, வீட்டில் யாருக்குச் சூட்டு உடம்போ அவருடைய இடுப்பில் ஐந்தாறு நாள் செருகி வைத்துவிடுவோம். அடுப்போரம் வைத்தால் வெந்து போகும், எருக்குவியலில் வைத்தால் எலி தின்னும், மனுஷ உடம்புக்குத்தான் அளவு தெரியும். முடிச்சு சுமக்கிறவரை அந்த ஐந்தாறு நாளும் யாரும் திட்ட மாட்டோம், மோர் ஊற்ற மாட்டோம், தலைக்குத் தண்ணீர் ஊற்றவும் விட மாட்டோம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, சமையல் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால், பெண்ணுக்குச் சூட்டு உடம்பா என்று கேட்டுவிட்டுத்தான் காபித் தம்ளரைத் தொடுவார்கள்.

அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் ஒரு புயல் வந்தது. வந்த புயல் போகிற வழியை மறந்துவிட்டு எங்கள் மலையிலேயே உட்கார்ந்துகொண்டது. காலையில் காற்று, மத்தியானம் மழை, சாயங்காலம் கண்ணை மறைக்கிற மஞ்சு, மறுபடியும் காற்று. விறகு நனைந்தது, தீப்பெட்டி நனைந்தது, பேசினால் பேச்சுகூட நனைந்துதான் வெளியே வந்தது. எந்த வீட்டிலும் சூட்டு உடம்பு என்று ஒன்று மிச்சமில்லை. இருபது வருஷமாக முடிச்சு சுமந்தவர்களின் இடுப்பிலேயே விதை நொதித்து நாறியது. முந்தின வருஷம் உறைபனி தோட்டத்தையெல்லாம் கருக்கிவிட்டுப் போயிருந்தது, வீட்டுக்கு வீடு மிச்சமிருந்தது ஒரே ஒரு பிடி விதைதான், அதுவும் அழுகினால் அந்த வருஷம் ஊரைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட வேண்டியதுதான் என்று டீக்கடையில் பேச ஆரம்பித்திருந்தோம். அப்போதுதான் குருவம்மாளின் முடிச்சு இரண்டே நாளில் முளைத்துவிட்டது என்று செய்தி வந்தது.

குருவம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். நாற்பத்திரண்டு வயது. பதினேழு வயதில் எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னாள், ஏன் என்று இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, கேட்கிற தைரியமும் யாருக்கும் இல்லை. வாய் ஓயாமல் பேசுவாள். ஆள் இருந்தால் ஆளோடு, இல்லாவிட்டால் பருப்போடும் கரண்டியோடும் பேசுவாள். அவள் இருக்கிறாள் என்பது எங்களுக்கெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கிற ஒரு விஷயம், அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வருகிற சத்தத்தை யாராவது நின்று கேட்பார்களா என்ன?

அறுபத்திரண்டு வீட்டு முடிச்சும் அவளிடம் போயின. ஒருவர் இடுப்பில் ஊரையே கட்டிவிடக் கூடாது என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரவர் முடிச்சு அடையாளம் தெரிய வேண்டுமே என்று ஒருவர் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்தார், ஒருவர் ஊக்கு மாட்டினார், ஒருவர் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த லேபிளை ஒட்டினார். கொடுக்காதது தவசி மட்டும்தான். தவசி அவளுக்கு வேலியடுத்த வீடு. அவளுடைய கோழி அவனுடைய பூண்டுப் பாத்தியைக் கிளறியதிலிருந்து ஐந்து வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை, அதாவது அவன் பேசுவதில்லை, அவள் வேலியைப் பார்த்துப் பேசிக்கொண்டுதான் இருப்பாள். அவன் தன் விதையைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு, அது அழுகுவதைக் கௌரவமாகப் பொறுத்துக்கொண்டான்.

எட்டு நாள் குருவம்மாள் அறுபத்திரண்டு முடிச்சோடு நடந்தாள். மேலே இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேலே கம்பளி. நிறைமாசக்காரிபோல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் வருவதைப் பார்த்து, எத்தனை பிள்ளை குருவு என்று கேலி செய்தோம். அவள் கேலிக்குப் பதில் சொல்லிக்கொண்டே, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கி, விழித்திருக்கிற நேரமெல்லாம் முடிச்சுகளோடு பேசினாள். ஒன்பதாம் நாள் வீடு வீடாக வந்து திருப்பிக் கொடுத்தாள். ஒரு விதைகூடப் பழுது இல்லை. எல்லாம் வெள்ளைப் பல் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தன. தென்னை நார்த் தூள் நிரப்பிய குழித்தட்டுகளில் குழிக்கு ஒன்றாக வைத்து, பாலித்தீன் மூடி, வாசலோரம் கூரைக்கடியில் அடுக்கினோம்.

நாலாவது நாள் மூடியைத் திறந்தபோது, நாற்றெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. தட்டுதான் கோணலாக இருக்கிறது என்று ஆளுக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் வேறு பக்கம் சாய்ந்தன. காற்று என்றோம். காற்றுக்கு எதிராகவும் சாய்ந்தன. கடைசியில் வேலியோரம் வேலையில்லாமல் நின்றிருந்த தவசிதான் பார்த்தான். குருவம்மாள் தெருவில் மேற்கே நடந்தால் இரண்டு பக்கத்து வாசல்களிலும் நாற்றுகள் மேற்கே திரும்பின, அவள் கிழக்கே வந்தால் கிழக்கே திரும்பின. முளைத்த நாளிலிருந்து வெயிலைப் பார்த்தறியாத அந்தப் பச்சைப்பிள்ளைகள், தங்களுக்குத் தெரிந்த ஒரே சூட்டைச் சூரியன் என்று எடுத்துக்கொண்டுவிட்டன.

இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை. ஒரே பக்கமாகச் சாய்ந்தால் தண்டு நீண்டு நூலாகிவிடும், அந்தக் கவலைதான் முதலில் வந்தது. ஊராட்சித் தலைவி பஞ்சவர்ணம் டீக்கடையில் கூட்டம் போட்டு, குருவம்மாள் காலையில் கீழ்த்தெருவிலிருந்து மேல்தெருவுக்கும் சாயங்காலம் மேல்தெருவிலிருந்து கீழ்த்தெருவுக்கும் நிதானமாக நடந்து வர வேண்டும், போகிற வழியில் வீட்டுக்கு ஒரு வாய் காபி கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். விவசாய அதிகாரி ஜீப்பில் வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து குருவம்மாளைப் பார்த்து, மறுபடியும் குனிந்து பார்த்துவிட்டு, நோட்டில் வெளிச்சம் போதவில்லை என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார். பிள்ளைகள் கண்ணாமூச்சியில் அவளைச் சேர்த்துக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள், தட்டைப் பார்த்தாலே அவள் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று தெரிந்துவிடுகிறது, அப்புறம் என்ன விளையாட்டு? பாவம், அவள் ஓடையோரம் ஒதுங்கப் போனால்கூட ஊருக்கே தெரிந்தது.

ஆனால் குருவம்மாளுக்கு அது பிடித்திருந்தது. அவள் வாழ்நாளில் அவள் வருகிறாள் என்று ஒருவர் தலை திருப்பிப் பார்த்ததில்லை, இப்போது ஆயிரக்கணக்கில் திரும்பின. மூன்றாம் நாளே நல்ல சேலை கட்டினாள். ஐந்தாம் நாள் அந்த மழையிலும் எங்கிருந்தோ ஒரு பூ தேடித் தலையில் வைத்துக்கொண்டாள். தெருவில் நடக்கும்போது நின்று நின்று ஒவ்வொரு தட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நாங்களும் வாசலில் நின்று அவளைப் பார்க்க ஆரம்பித்தோம். பார்த்தால் அழகாகத்தான் இருந்தாள், இத்தனை வருஷமாக எங்களுக்குக் கண் எங்கே போயிருந்தது என்று வெட்கமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் கீழேயிருந்து போன் வந்தது. எங்கள் ஊரில் மொட்டைப்பாறை மேல் நின்றால்தான் போன் பேச முடியும். குருவம்மாளுக்கு ஒரு தங்கை, சவுந்தரம், வத்தலக்குண்டில் கட்டிக் கொடுத்திருந்தது. அம்மா செத்தபோது சவுந்தரத்துக்கு ஒரு வயது, குருவம்மாளுக்கு ஒன்பது, அன்றிலிருந்து தூக்கி வளர்த்தது அவள்தான். சவுந்தரத்துக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் பிள்ளையில்லை, இரண்டு தடவை தங்கிக் கலைந்துபோனது, இது மூன்றாவது. எட்டாம் மாசம் நடக்கிறது, டாக்டர் முகம் சரியில்லை என்றாள் சவுந்தரம். குளிரில் மேலே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"நீ வந்துருவேல்லக்கா?" என்று கேட்டாள்.

வந்துடுறேன் என்று குருவம்மாள் சொல்லிவிட்டு, பாறையிலிருந்து இறங்கி வந்து எங்களிடமும் சொன்னாள். போகாதே என்று நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூட மனுஷர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு வீட்டில் அவளுக்குப் புது ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் இரண்டாவது இலை விடுகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போ தாயி என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், அடுத்த வீட்டில் மூன்றாவது இலை என்றார்கள். பாசத்தைத்தான் காட்டினோம், ஆனால் கயிற்றைப்போல் திரித்துக் காட்டினோம். அதற்கும் மேலே ஒன்று செய்தோம். போன் வந்த மறுநாளே மழையில் மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்ததா, அதைச் செவ்வாய்க்கிழமையே அள்ளித் திறந்துவிட்டார்கள். அந்த விஷயத்தை அவளிடம் சொல்வதில்லை என்று அறுபத்திரண்டு வீடும் பேசி வைத்துக்கொண்டது.

இரண்டு நாள் அவள் ரோடு எப்போது திறக்கும் என்று கேட்டுக்கொண்டே தெருவில் நடந்தாள். நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னோம். அவளுடைய பேச்சு குறைந்தது. மூன்றாம் நாள் காலையில் பேசாமல் நடந்து போனாள், அப்போதும் நாற்றுகள் அவளைப் பார்த்துத் திரும்பின. வீட்டுக்குத் திரும்பியவள் வேலியோரம் நின்று, என்னை மட்டும் நம்பி அங்கே ஒருத்தி படுத்திருக்கிறாள், இங்கே இத்தனையும் என்னையே பார்க்கிறது, நான் என்ன செய்வது என்று வேலியிடம் கேட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் தவசி களைக்கொத்தைக் கீழே போட்டான். ஐந்து வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை பேசினான்.

"ரோடு செவ்வாக்கெழமையே தொறந்தாச்சு குருவு. ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னு பேசி வெச்சிருக்காங்க. எனக்குத்தான் ஒங்கிட்ட நாத்து இல்லையே, நான் சொல்றேன். நீ கெளம்பு."

அவள் ஒரு பையோடு கிளம்பினாள். வழக்கமாகக் காய் ஏற்றுகிற ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து, எங்கள் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், நேராக முன்னால் பார்த்துக்கொண்டு போனாள். வழியனுப்ப நாங்கள் ஒருவரும் வரவில்லை, வருவதற்கு முகம் இல்லை. கதவிடுக்கில் நின்று நாற்றைத்தான் பார்த்தோம். ஜீப் முதல் வளைவில் திரும்பியபோது எல்லாம் தெற்கே திரும்பின, இரண்டாவது வளைவில் கிழக்கே, மூன்றாவதில் மறுபடியும் தெற்கே. கண்ணுக்குத் தெரியாத ரோட்டை நாற்றுகள் வளைவு வளைவாக எங்களுக்குக் காட்டிக்கொண்டே போய், கடைசியில் வத்தலக்குண்டுப் பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டன.

சாய்ந்த நாற்று நாளுக்கு நாள் இன்னும் சாய்ந்து தட்டின் விளிம்பில் தலையை வைத்தது. அவளுடைய பழைய சேலையை எடுத்து வந்து கம்பில் கட்டி நிறுத்திப் பார்த்தோம், நாற்றுகள் ஏமாறவில்லை. பஞ்சவர்ணமே அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, அவளைப்போலவே பேசிக்கொண்டு தெருவில் நடந்து பார்த்தார், நாற்றுகளோடு சேர்ந்து நாங்களும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்போது தவசி ஒவ்வொரு வீடாக வந்தான். தட்டைத் தூக்கினான், பாதி வட்டம் திருப்பி வைத்தான், அடுத்த வீட்டுக்குப் போனான். அவ்வளவுதான் வைத்தியம். வத்தலக்குண்டைப் பார்த்துச் சாய்ந்த நாற்று இப்போது எதிர்ப்பக்கம் பார்த்திருக்க, அது மறுபடியும் நிமிர்ந்து வளைந்து அவளைத் தேட வேண்டும், தேடி முடிக்கிற நேரத்தில் மறுபடியும் திருப்பி வைக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அறுபத்திரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் தட்டு திரும்பியது. தேடித் தேடித் தண்டு தடித்தது. இரண்டாவது இலை விட்டது, மூன்றாவதும் விட்டது. ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் நாற்று எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்து, அவள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டோம். ரோட்டை மறைத்துப் பொய் சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வது, ஆனாலும் சொல்கிறேன், நாங்கள் அவளுக்காக ரொம்ப ஏங்கினோம். எங்கள் ஊரில் சத்தமே இல்லை.

நாற்பதாவது நாள் காலையில் தட்டைத் திருப்பப் போனவர்கள் தொட்ட கையை எடுத்துக்கொண்டார்கள். நாற்றெல்லாம் நேராக நின்றன. தெற்கேயும் இல்லை, கிழக்கேயும் இல்லை. ஈர்க்குச்சி நட்டதுபோல் விறைத்து மேலே பார்த்து நின்றன. அறுபத்திரண்டு வீட்டிலும் அப்படித்தான். வானத்தில் வெளிச்சமும் இல்லை, அதே மஞ்சு, அதே மழை. பார்க்க ஆள் இல்லாமல் போனால்தானே நேராக நிற்கும் என்று யாரோ சொல்ல, சொன்னவர் வாயை அவரே பொத்திக்கொண்டார். தெருவில் ஒவ்வொருவராக வந்து கூடினோம். நாற்று பிழைக்குமா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. குருவம்மாளுக்கு என்ன ஆச்சு என்பதுதான் எல்லார் வாயிலும். மொட்டைப்பாறையில் ஏறிப் பார்த்தால் போனில் உயிர் இல்லை. பஞ்சவர்ணம் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். பின்னால் இன்னொரு ஜீப். முப்பத்தொரு பேர், தவசியையும் சேர்த்து. வழி முழுக்க ஒவ்வொரு வளைவிலும் நாற்றுகள் எப்படித் திரும்பின என்பது மட்டும் நினைவில் வந்துகொண்டே இருந்தது.

வத்தலக்குண்டில் மழை விட்டிருந்தது. மங்கி குல்லாவும் ஸ்வெட்டருமாக முப்பத்தொரு பேர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததைப் பார்த்து, ஏதோ கலாட்டா என்று வாட்ச்மேன் ஓடி வந்தார். கடைசி அறையில் குருவம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் சவுந்தரம் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று விடியற்காலையில் குறைமாசத்தில் ஒரு பெண் பிறந்திருக்கிறது, உள்ளங்கை அகலம்தான். பிறந்ததும் உடம்பு சில்லிட்டுக்கொண்டே போனதாம். ஒரு மனுஷ உடம்போடு ஒட்டி வைத்தால்தான் தேறும், தாய்க்கோ நினைவில்லை என்று நர்ஸ் கையைப் பிசைந்தபோது, எங்கிட்டக் கொடுங்க, எனக்கு இது பழக்கம் என்று குருவம்மாள் வாங்கிக்கொண்டாளாம். வெளுத்த வேட்டித் துணியில் அந்தப் பிள்ளையைத் தன் நெஞ்சோடு சேர்த்து முடிச்சாகக் கட்டியிருந்தாள். துணிக்கு மேலே மிளகளவு ஒரு மூக்கு தெரிந்தது. விடியற்காலையிலிருந்து அவள் அசையவில்லை, தன்னிடம் இருந்த சூடு முழுவதையும் அந்த ஒரு முடிச்சுக்கே கொடுத்துக்கொண்டிருந்தாள், மலைக்கு அனுப்ப மிச்சம் வைக்கவில்லை.

எங்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"நாத்தெல்லாம் பட்டுப்போச்சா மதினி?" என்று கேட்டாள்.

"நாத்தப் பத்தி இங்க யாரு பேசினா?" என்றார் பஞ்சவர்ணம். தரையில் உட்கார்ந்து குருவம்மாளின் காலைப் பிடித்துக்கொண்டார். "ரோட்ட மறச்சது தப்பு. நீ அன்னைக்குக் கெளம்பலேன்னா இந்தப் புள்ள..." என்று நிறுத்திவிட்டார். நாங்கள் முப்பது பேரும் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றோம். அறைக்குள் இத்தனை பேர் நின்றால் பிள்ளைக்கு மூச்சு முட்டும் என்று குருவம்மாள் திட்ட ஆரம்பித்தாள். திட்டு நீண்டுகொண்டே போனது. காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

நாற்பத்திரண்டாவது நாள் எங்கள் ஊருக்குச் சூரியன் வந்தது, இத்தனை நாள் எங்கே போயிருந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. நாற்றுகள் பழக்கமில்லாத ஆளைப் பார்ப்பதுபோல் இரண்டு நாள் தயங்கிவிட்டு, அப்புறம் எல்லாச் செடியையும்போல அதன் பக்கம் திரும்பிக்கொண்டன. மாசியில் நட்டோம். வீட்டுக்கு ஒரு வரிசை நாற்று எடுத்துத் தவசியின் பாத்தியிலும் நட்டுக் கொடுத்தோம், அவன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றினான்.

பங்குனிக் கடைசியில் குருவம்மாள் வந்தாள், சவுந்தரத்தையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. பேருந்து நிற்கிற இடத்தில் ஊரே கூடியிருந்தது. இறங்கியவள் முதலில் எங்களைப் பார்க்கவில்லை, இரண்டு பக்கமும் சரிவில் காய்த்துக் கிடந்த தோட்டத்தைத்தான் பார்த்தாள். நாங்களும் ஓரக்கண்ணால் செடிகளைப் பார்த்தோம். வெயில் நன்றாக அடித்தது. ஒரு இலைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் நாலு அடி இந்தப் பக்கம் நடந்தாள், நாலு அடி அந்தப் பக்கம் நடந்தாள், பையைத் தேடுகிறவள்போல் பாவனை செய்தாள், அந்த முகத்தைப் பார்க்க எங்களுக்குத் தாங்கவில்லை.

அப்போது தவசி சவுந்தரத்தின் கையில் கிடந்த பிள்ளையைக் காட்டினான். மூன்று மாசம்கூட ஆகாத பிள்ளை, கழுத்து நிற்காத பிள்ளை, குருவம்மாள் இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியது, அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் திருப்பியது, அத்தனை வெயிலிலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளையே பார்த்தது. குருவம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை, எங்களுக்குத் தெரிந்து அது ஒரு தடவைதான்.

"அப்பப்பப் புள்ளையத் திருப்பிப் போடு குருவு," என்றான் தவசி. "ஒரே பக்கமாச் சாஞ்சிரும்."